எண்ணாத தேசத்தில் ஆட்டிசம் இல்லையாம்!

அமெரிக்க ஜனாதிபதி டொனால்டு டிரம்ப் அவர்கள் 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் பேசும்போது உலகத்துக்கு ஒரு புது வைத்திய சாஸ்திரத்தை அருளிச் செய்தார். அதாவது, கியூபா தேசத்தாருக்குப் பாரசிட்டமால் மாத்திரை வாங்கப் பணமில்லை என்று ஒரு வதந்தி உண்டாம். அங்கே ஆட்டிசமும் ஏறக்குறைய இல்லையாம். அதே கூட்டத்தில் கர்ப்பிணிப் பெண்கள் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று உபதேசமும் நடந்தது. வதந்தி என்று தாமே ஒப்புக்கொள்ளுகிற ஒன்றை வைத்துக்கொண்டு வைத்தியம் சொல்லுகிற வேலையைக் குறிசொல்லுகிறவர்கள்தான் செய்வார்கள் என்று நாம் இதுவரை எண்ணியிருந்தோம். பெரிய தேசத்தின் பெரிய மனிதரும் அந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்.

கியூபாவில் ஆட்டிசம் இல்லை என்பது வாஸ்தவமானால், ஹவானா நகரத்தில் ஆட்டிசமுள்ள பிள்ளைகளுக்கென்றே டோரா அலோன்சோ என்ற பெயரில் 2002-ஆம் வருஷம் முதல் ஒரு பள்ளிக்கூடம் நடப்பானேன்? இல்லாத பிள்ளைகளுக்கு உபாத்தியாயர்கள் பாடம் நடத்துகிறார்களா? இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லாமற் போய்விட்டது.

நிற்க. இந்த ஒரு மனிதரோடு விஷயம் முடிந்துவிடுமானால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. "இந்த வியாதி மேல்நாட்டில்தான் உண்டு, நம்மிடத்தில் கிடையாது" என்று ஒரு கூட்டமும், "அங்கே ஏறுகிறது, இங்கே ஏறவில்லை, ஆகவே அங்கே ஏதோ விஷம் பரவியிருக்கிறது" என்று மற்றொரு கூட்டமும் ஊருக்கு ஊர் பேசித் திரிகின்றன. தேசத்துக்குத் தேசம் கணக்கை ஒப்பிட்டுக் காட்டுவதுதான் இரு கூட்டத்தாருக்கும் ஆயுதம். ஆகையால் அந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் தொற்று வியாதி அல்ல, பைத்தியமும் அல்ல. மூளையின் வளர்ச்சி ஆரம்பத்திலிருந்தே வேறு தினுசாக அமைந்திருப்பதற்கு அது பெயர். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பேச்சே வருவதில்லை. சிலர் நன்றாகப் பேசியும், படித்தும், பிறரோடு பழகும் வகை பிடிபடாமல் திண்டாடுகிறார்கள். செய்த காரியத்தையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். வழக்கம் சிறிது மாறினாலும் தவித்துப் போவார்கள். நமக்குச் சாதாரணமாயிருக்கிற சத்தமும் வெளிச்சமும் சிலருக்குத் தாங்க முடியாத துன்பமாயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. படம் பிடித்துக் காட்டும் யந்திரமும் கிடையாது. பழக்கமுள்ள வைத்தியர் பிள்ளையோடு உட்கார்ந்து, அது பேசுவதையும் விளையாடுவதையும் பார்த்து, தாய் தகப்பனை விசாரித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆகவே, வைத்தியர் இல்லாத ஊரில் ஆட்டிசக் கணக்கும் இல்லை. இந்த ஒரு விஷயம் மனதிலிருந்தால் மற்றப் புரட்டெல்லாம் தானே வெளுத்துவிடும்.

கணக்கு ஏறின கதை

இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் ஜில்லாவில் விக்டர் லாட்டர் என்பவர் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளை எண்ணி, 1966-ஆம் வருஷத்தில் 10,000-க்கு 4.5 பேர் என்று சொன்னார். அமெரிக்காவில் நோய்த் தடுப்பு இலாகா, தான் எடுத்துக்கொண்ட இடங்களில் 8 வயதுப் பிள்ளைகளை எண்ணிவருகிறது. 2000-ஆம் வருஷத்துக் கணக்கு 150 பேரில் ஒருவர். 2010-க்கு 68 பேரில் ஒருவர். 2022-க்கு 31 பேரில் ஒருவர். உலகம் முழுவதற்குமாக உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ஆம் வருஷத்துக்குச் சொல்லும் மதிப்பு 127 பேரில் ஒருவர்.

இதைப் பார்த்தவுடனே, "அடடா, தீப்பிடித்தது போல் பரவிவிட்டதே!" என்று சிலர் அலறுகிறார்கள். நாம் கேட்பதெல்லாம், 1966-இல் எதை ஆட்டிசம் என்றார்கள், இப்பொழுது எதைச் சொல்கிறார்கள் என்பதுதான். அன்றைக்குக் குறுகிய வரம்புக்குள் அடங்கிய பிள்ளைகளுக்கு மாத்திரமே அந்தப் பெயர். 1979-இல் லோர்னா விங், ஜூடித் கௌல்டு என்ற இரண்டு ஸ்திரீகள் லண்டனில் காம்பர்வெல் பகுதியில் தேடிப் பார்த்து, அந்தக் குறுகிய வரம்புக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள் பல மடங்கு என்று காட்டினார்கள். 1994-இல் அமெரிக்க மனோவைத்திய சங்கத்தார் தங்கள் வியாதிப் பட்டியலில் வரம்பை விரித்தார்கள். 2013-இல் பல பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். சல்லடைக் கண்ணை மாற்றினால் நிற்கிற தானியமும் மாறத்தானே செய்யும்? சல்லடையை மாற்றிவிட்டு, "நிலத்தில் விளைச்சல் அதிகமாகிவிட்டது" என்று சொல்லுகிறவனை உழவன் எவனாவது நம்புவானா?

டென்மார்க்கு தேசத்தில் ஜனங்களின் வைத்தியக் கணக்கு ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே 1994-இல் வியாதிப் பெயர்களின் பட்டியலை மாற்றினார்கள். 1995 முதல் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களை மாத்திரமன்றி, வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களையும் எழுதினார்கள். 1980 முதல் 1991 வரை பிறந்தவர்களிடையே கணக்கு ஏறியதில் 100-க்கு 60 பங்கு இந்த இரண்டு எழுத்து மாறுதலால் வந்தது என்று 2015-இல் ஆராய்ந்து காட்டினார்கள். அதே வருஷத்தில் ஸ்வீடன் தேசத்தார் வேறு ஒரு உண்மையைக் காட்டினார்கள். 10 வருஷங்களில் பிறந்த பிள்ளைகளிடம் ஆட்டிசக் குணங்களை நேரில் விசாரித்தால் அளவு ஏறவில்லை. ஆனால் சர்க்கார் ஏட்டில் மாத்திரம் ஏறிக்கொண்டே போயிற்று. ஏறினது ஏடா, பிள்ளைகளா?

இதற்கு மேலும் ஒரு சாட்சி வேண்டுமானால் இங்கிலாந்தைப் பாருங்கள். 2007-இல் அங்கே பெரியவர்களை வீடுவீடாகப் போய் விசாரித்தார்கள். சுமார் 100 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. இளைஞர்களுக்கு அதிகம், கிழவர்களுக்குக் குறைவு என்கிற வித்தியாசம் காணப்படவில்லை. புதிதாகப் பரவின விஷமானால் கிழவர்களை எப்படிப் பிடித்தது? அவர்கள் பிறந்தபோதே பிடித்திருந்தது, எழுதத்தான் ஆளில்லை.

ஒரே தேசத்துக்குள் ஐந்து மடங்கு

தேசத்துக்குத் தேசம் ஒப்பிடுகிற மகான்களை முதலில் ஒரே தேசத்துக்குள் ஒப்பிடச் சொல்லுங்கள். 2022-ஆம் வருஷத்து அமெரிக்கக் கணக்கில் டெக்ஸாஸ் மாகாணத்து லரேடோவில் 1,000 பிள்ளைகளுக்கு 9.7 பேர், கலிபோர்னியாவில் எடுத்த இடத்தில் 1,000-க்கு 53.1 பேர். ஒரே வருஷம், ஒரே வயது, ஒரே சர்க்கார். வித்தியாசம் ஐந்து மடங்குக்கு மேல்! லரேடோவில் மாத்திரை கிடைப்பதில்லையா? ஊசி போடுவதில்லையா? அப்படி ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் அந்த இடத்தில் நூற்றுக்கணக்கான குழந்தை வைத்தியர்களுக்கு, சின்ன வயதிலேயே கவனித்துப் பரிசோதனைக்கு அனுப்பப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தேடுகிற இடத்தில் கிடைக்கிறது.

அமெரிக்காவில் பல வருஷ காலம் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம்தான் கணக்கு அதிகமாயிருந்தது. கறுப்பர்களுக்கு இது அவ்வளவாக வருவதில்லை என்று அப்பொழுது ஒருவன் சொல்லியிருந்தால் ஏடு அவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கும். 2020-ஆம் வருஷக் கணக்கு அதைத் தலைகீழாக்கிற்று. கறுப்பர், ஸ்பானிய வம்சத்தார், ஆசியர் பிள்ளைகளின் விகிதம் வெள்ளையர் விகிதத்தைத் தாண்டிவிட்டது. சில வருஷங்களில் கறுப்பர்களின் இரத்தம் மாறிவிட்டதா? வைத்தியர் வீட்டு வாசற்படி அவர்களுக்கும் திறந்தது. அவ்வளவுதான்.

தென் கொரியாவில் நடந்தது

தேடாத தேசம் தேடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா ஒரு நல்ல பாடம். அங்கே சியோலுக்கு அருகிலுள்ள கோயாங் நகரத்து இல்சான் பகுதியில் 7 முதல் 12 வயது வரையுள்ள 55,266 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, யங் ஷின் கிம் என்ற வைத்தியரும் அவர் சகாக்களும் ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் வைத்தியரிடம் வந்தவர்களை மாத்திரம் எண்ணவில்லை. சாதாரணப் பள்ளிக்கூடங்களுக்கே போய்த் தேடினார்கள். 100-க்கு 2.64 பேர், அதாவது 38 பேரில் ஒருவர் கிடைத்தார்கள். அந்தச் சமயத்தில் அமெரிக்கா 110 பேரில் ஒருவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மேல்நாட்டு வியாதி என்றார்களே, அது எங்கே போயிற்று?

இதைவிட முக்கியமானது வேறொன்று. கிடைத்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரணப் பள்ளிக்கூடத்தில், எந்தப் பெயரும் எந்த உதவியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் அவர்களை என்னவென்று நினைத்திருப்பார்? மற்றப் பிள்ளைகள் அவர்களை எப்படி நடத்தியிருப்பார்கள்? "இந்தத் தேசத்தில் இல்லை" என்கிற சொல்லின் அர்த்தம் இதுதான். இருக்கிறவன் இல்லாதவனாக உட்கார்ந்து உதைபடுகிறான்.

ஏன் அதற்கு முன் வெளிவரவில்லை? ராய் ரிச்சர்ட் கிரிங்கர் என்ற மானிட சாஸ்திரி அந்தத் தேசத்துக் குடும்பங்களில் விசாரித்து 2007-இல் ஒரு புஸ்தகமாக எழுதினார். ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் பரம்பரைக் குறை என்று ஊர் பேசும். கூடப் பிறந்தவர்களுக்குக் கல்யாணம் ஆகாது. தாயின் அன்புக் குறைவால் வந்த வேறு ஒன்று என்று எழுதிக்கொண்டால் பழி தாயோடு போய்விடும், குடும்பத்தின் பெயர் பிழைக்கும். ஆகவே பல தாய்மார் தங்கள் தலையிலேயே பழியை வாங்கிக்கொண்டார்கள். இப்பேர்ப்பட்ட கொடுமையினால் குறைந்திருந்த எண்ணிக்கையைத்தான் ஒரு தேசத்தின் ஆரோக்கியம் என்று நாம் கொண்டாட வேண்டுமா?

தாயின் தலையில் போட்ட பழி

கொரியாவில் தாய்மார் பயத்தினால் ஏற்றுக்கொண்ட அந்தப் பழியை மேல்நாட்டில் படிப்பாளிகள் சாஸ்திரமென்றே எழுதி வைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் ஒரு புஸ்தகம் எழுதி, தாயின் மனம் ஐஸ் கட்டியைப் போல் குளிர்ந்திருப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற கொள்கையை எங்கும் பரப்பினார். தம் மகனே ஆட்டிசமுள்ளவனாயிருந்த பெர்னார்டு ரிம்லாண்டு, மூன்று வருஷத்துக்கு முன்பே 1964-இல் அது ஆதாரமற்றது என்று எழுதியிருந்தார். கேட்பாரில்லை. நம் ஊரில் "முன்ஜென்ம பாவம்" என்கிறான். அவர் "தாயின் பாவம்" என்றார். வார்த்தை வேறே தவிரச் சரக்கு ஒன்றுதான்.

பிரெஞ்சு தேசத்தில் இந்த மனோபகுப்புக்காரர்களின் ஆட்சி நெடுங்காலம் நடந்தது. மற்ற தேசத்தில் ஆட்டிசம் என்று எழுதப்படுகிற பிள்ளைகளில் பலர் அங்கே குழந்தைச் சித்தப்பிரமை என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டார்கள். அதே பிள்ளை கடலைத் தாண்டினால் வேறு வியாதிக்காரன்! 2012-இல்தான் அந்நாட்டுச் சுகாதார உயர் சபையார், மனோபகுப்பு முறை இவர்களுக்குப் பயன்படும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று சொன்னார்கள். ஏட்டில் பெயரே வேறாயிருக்கும்போது இரண்டு தேசத்து எண்ணிக்கையை எப்படித் தராசில் வைப்பது?

காக்கை உட்காரப் பனம்பழம்

கணக்கு ஏறினதைக் கண்டவுடன் காரணம் சொல்லக் கிளம்பினவர்களின் லட்சணத்தையும் பார்ப்போம். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற இங்கிலாந்து வைத்தியர் 12 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியின் மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். 2010-இல் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே ரத்து செய்தது. வைத்தியர் பட்டியலிலிருந்து அவர் பெயரும் அடிக்கப்பட்டது. ஜப்பானில் 1993-இல் அந்தக் கூட்டு ஊசியையே நிறுத்திவிட்டார்கள். ஊசி நின்ற பிறகும் யோகோஹாமா நகரத்தில் ஆட்டிசக் கணக்கு ஏறிக்கொண்டேயிருந்தது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் அதிகமில்லை என்று 2019-இல் சொன்னார்கள்.

இப்பொழுது பாரசிட்டமாலின் முறை. ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 25 லட்சம் பிள்ளைகளின் கணக்கை 2024-இல் ஆராய்ந்தார்கள். ஒரு கர்ப்பத்தில் தாய் மாத்திரை சாப்பிட்டு, மற்றொரு கர்ப்பத்தில் சாப்பிடாமல் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது வித்தியாசம் ஒன்றும் தென்படவில்லை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் படிக்க முடியாதவனும் ஒரு கேள்வி கேட்கலாம். மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் வைத்தியர் ஆறு சிறுவர்களிடம் இந்தக் குணங்களைக் கண்டு 1925-இல் எழுதினார். லியோ கேனர் 1943-இல் பால்ட்டிமோரிலிருந்து 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் டைலெனால் என்ற பெயரில் பாரசிட்டமால் கடைக்கு வந்தது 1955-இல். தட்டம்மை ஊசி 1963-இல். கூட்டு ஊசி 1971-இல். அந்தப் பிள்ளைகளை எந்த மாத்திரை, எந்த ஊசி கெடுத்தது? மகன் பிறந்த பிறகு தகப்பன் பிறந்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுவோமா?

இந்தப் புரட்டுக்கு விலை கொடுப்பவர்கள் குழந்தைகள். 1998-க்குப் பிறகு இங்கிலாந்தில் ஊசிக்குப் பயந்து பலர் போடாமல் விட்டார்கள். அடங்கியிருந்த தட்டம்மை 2008-இல் மறுபடியும் அங்கே நிலைத்துவிட்டதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. 2025-இல் டெக்ஸாஸில் ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் தட்டம்மையால் இறந்தார்கள். ஆட்டிசமுள்ள பிள்ளை உயிரோடு வளரும். தட்டம்மை எத்தனை பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும்.

நம் தேசத்தின் யோக்கியதை

"நம் தேசத்தில் குறைவு" என்று மார்தட்டுகிறவர்கள் அந்தக் கணக்கு எங்கேயிருக்கிறது என்று காட்டட்டும். 1995-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள் எழுதப்பட்டன. அதில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் பார்வை, செவி, பேச்சு, நடமாட்டம் என்று கட்டம் கட்டமாகக் கேட்டார்களே தவிர, ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் வைக்கவில்லை. 2016-ஆம் வருஷச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக அது இடம் பெற்றது. கட்டமே இல்லாத காகிதத்தில் கணக்கு எப்படி விழும்? பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைத்ததற்கும் இதற்கும் என்ன பேதம்?

கணக்கில் விழாத பிள்ளைக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். பேசாத பிள்ளை ஊமை என்று ஒதுக்கப்படுகிறது, பழகத் தெரியாதது திமிர் பிடித்தது என்று அடிபடுகிறது, தாயைச் சபிக்கிறார்கள், தாயத்துக்கும் பரிகாரத்துக்கும் கைப்பணம் போகிறது. இரண்டு மூன்று வயதிலேயே கண்டுகொண்டால் பேசவும், எழுத்தாலோ படத்தாலோ தன் எண்ணத்தைத் தெரிவிக்கவும் பழக்கலாம். அந்த வருஷங்கள் கோவில் கோவிலாக அலைவதில் கழிந்துவிடுகின்றன.

உண்மையில் ஒன்றுமே ஏறவில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. தாய் தகப்பனின் வயது அதிகமாக ஆக வாய்ப்புச் சற்று அதிகம் என்பதும், குறை மாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம் அதிகம் என்பதும் கண்ட விஷயங்கள். முன்பெல்லாம் இறந்துவிடக்கூடிய குறைமாதக் குழந்தைகள் இப்போது பிழைக்கின்றன. ஐந்து தேசங்களில் 20 லட்சம் பேரைப் பற்றி 2019-இல் வந்த ஆராய்ச்சி, காரணத்தில் 100-க்கு 80 பங்கு பரம்பரை என்று மதிப்பிட்டது. மீதியை ஆராயட்டும், தாராளமாக ஆராயட்டும். ஆராய்ச்சி வேண்டாமென்று சொல்லுகிறவன் பகுத்தறிவுக்காரன் அல்ல. ஆனால் முடிவை முதலில் வைத்துக்கொண்டு பிறகு தேசங்களைத் தேடிப் பொறுக்குவது ஆராய்ச்சியாகாது.

ஆகவே தோழர்களே! இனிமேல் எவராவது, "அந்தத் தேசத்தில் இத்தனை பேர், இந்தத் தேசத்தில் இத்தனை பேர்" என்று மேடையில் முழங்கினால் நான்கே கேள்விகள் கேளுங்கள். எண்ணினது யார்? எந்த வயதினரை எண்ணினார்கள்? எந்த வரம்பை வைத்துக்கொண்டு எண்ணினார்கள்? தேடிப் போய் எண்ணினார்களா, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மாத்திரம் எண்ணினார்களா? நான்குக்கும் பதில் இல்லையானால் அந்த மனிதர் எவ்வளவு பெரியவராயிருந்தாலும் அவர் பேச்சைத் தள்ளிவிடுங்கள்.

ஒரு தேசத்தில் எண்ணிக்கை அதிகமாயிருப்பது அந்தத் தேசத்துக்கு அவமானமல்ல. தன் பிள்ளைகளை அது பார்த்திருக்கிறது என்பதற்கே அது பெரும்பாலும் அத்தாட்சி. நம் சர்க்காரைக் கேட்க வேண்டியதும் அதுதான். எந்தக் கணக்கெடுப்பிலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டம் வேண்டும்; தாலுகா ஆஸ்பத்திரிதோறும் கண்டுபிடிக்கத் தெரிந்த வைத்தியர் வேண்டும்; பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயர் வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருக்குமானால் ஊருக்குப் பயந்து ஒளிக்காதீர்கள். வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அது எவருடைய பாவமும் அல்ல. அதையும் ஒரு ஆளாக எண்ணுங்கள்.